முருகையன் குடிக்காத கூழ்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. வார்டுச் சுவர் பச்சை என்பது என் ஞாபகம். நீலம் என்கிறாள் அஞ்சம்மாள் அக்கா. நாங்கள் விழுப்புரம் போனது வெள்ளிக்கிழமை என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அக்கா சந்தைக்குப் போனாளாம், ஆகவே அது வெள்ளியாக இருக்க முடியாதாம். மருத்துவமனையின் கைபேசிச் செயலியில் இன்னொரு விவரம் இருக்கிறது. செயலிக்கு மறதி கிடையாது. அதனால் அதுவும் நானும் வேறுபடுகிற இடங்களில் என் நினைவுதான் பிசகியிருக்க வேண்டும். இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முருகையன் என் அக்காவின் கணவர். அனந்தபுரத்துப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் கொல்லை நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். அடிவயிற்றின் வலப்பக்கம் அவருக்கு ஒரு வீக்கம் வந்தது. நின்றால் இறங்கும், படுத்தால் ஏறும். குடலிறக்கம் என்றார்கள். சின்ன அறுவைதான், செய்துகொண்டால் பழையபடி மூட்டை தூக்கலாம், செய்யாமல் தூக்கினால் குடல் சிக்கிக்கொள்ளும் என்றார்கள். அறுவை முடிந்து உடம்பு தேறுவதற்கும் கொல்லையில் மல்லாட்டை முற்றுவதற்கும் சரியாக இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டாள். முற்றிய மல்லாட்டையை உடனே பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்து மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

நான் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. பெயர் வேண்டாம். இலவசம். அங்கே ஆனந்தராஜ் என்று ஒரு டாக்டர் இருந்தார், கைராசிக்காரர், அதிகம் பேசமாட்டார். அதனால் மாமாவை அங்கே சேர்த்தோம்.

சேர்த்த அன்றுதான் வாசலில் அந்தப் பலகையைப் பார்த்தேன். 'தாமதம் ஒரு நோய். அதற்கு மருந்து சட்டுனு.' கீழே ஒரு கைபேசி ஓடுவது போலப் படம். கைபேசிக்குக் கால் இருந்தது.

'சட்டுனு' என்பது செயலியின் பெயர். அறுவைக்குக் காத்திருப்போரின் தாமதத்தைக் குறைப்பதற்காக அறக்கட்டளை செய்து வைத்தது. அறக்கட்டளையின் தலைமையிடம் விழுப்புரம். ஆகவே அறுவைச் சிகிச்சை திண்டிவனத்தில் நடக்கும், அதன் தாமதம் விழுப்புரத்தில் குறைக்கப்படும்.

வார்டு சிஸ்டர் இருதயமேரி எங்களுக்கு விளக்கினார்.

"முன்னாடியெல்லாம் டாக்டர் கூப்டுவாரு, நாங்க தியேட்டருக்கு அனுப்பிடுவோம். இப்ப அப்பிடி இல்லீங்கண்ணா. சட்டுனு சொல்லணும்."

"அது சொல்றதுக்கு எவ்ளோ நாளாவும் சிஸ்டர்?"

"அது சட்டுனு சொல்லிடும். எப்ப சொல்லும்னுதான் தெரியாது."

மாமாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் சட்டுனு ஏறாது. எனவே என் போனில் ஏற்றி, துணையாளர் என்று என்னைப் பதிந்தார்கள். வந்த நாள் முதல் எனக்குத்தான் எல்லாச் செய்தியும் வந்தது. 'வாழ்த்துகள் முருகையன். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.' கடையில் யாருக்காவது ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அதிரும். எடுத்துப் பார்த்தால் நான் வரிசையில் இருப்பேன்.

ஒருவழியாகத் தேதி வந்தது. முதல் நாள் இரவே மாமாவின் கட்டிலில் 'வாயில் எதுவும் கூடாது' என்று இருதயமேரி அட்டை மாட்டினார். மாமா எச்சில் விழுங்கலாமா என்று கேட்டார். விழுங்கலாம் என்றார் சிஸ்டர். மாமா அதையும் குறைத்துக்கொண்டார்.

காலையில் போன் அடித்தது. மாமாவின் காதில் வைத்தேன். சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். இயந்திரக் குரல் என்று சொல்ல முடியாது; கல்யாணமாகி அடுத்த ஊருக்குப் போன பெண் வீட்டுக்குப் போன் செய்வதுபோல் இருந்தது.

"வணக்கம் முருகையன். நான் சட்டுனு பேசுகிறேன். இன்று உங்களுக்கு அறுவைச் சிகிச்சை. சாப்பிட்டீர்களா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஆச்சும்மா. நீ சாப்ட்டியா?"

"என்ன சாப்பிட்டீர்கள்?"

"இன்னா, கூழுதான். கேப்பைக் கூழு."

"நன்றி. உங்கள் அறுவைச் சிகிச்சை மாற்றியமைக்கப்பட்டது."

"நல்லா இரும்மா" என்றார் மாமா.

நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருதயமேரி தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாண்ணா இது, கூழு குடிச்சாருன்னு வந்திருக்குது."

"அவரு எங்க சிஸ்டர் குடிச்சாரு?"

"எனக்குத் தெரியாதா? நான்தான அட்டை மாட்டினேன். ஆனா அவர் வாயாலயே சொல்லிட்டாரே. அதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

"மாமா, ஏன் சாப்ட்டேன்னு சொன்னீங்க?"

"எங்க சொன்னேன்?" என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. சொன்னது அவருக்கே தெரியவில்லை. "அது வெசாரிச்சுது. நானும் வெசாரிச்சேன். அவ்ளோதான்."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி வரலாமா என்று கேட்டேன். போனால் 'சிகிச்சையை மறுத்தவர்' என்று ஏறிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் வரிசைக்கு வர முடியாது என்றார் சிஸ்டர். மாமா கட்டிலிலேயே இருந்தார்.

அடுத்த கட்டிலில் அந்தோணிசாமி. கட்டட வேலைக்குப் போகிறவர், பித்தப்பையில் கல். மாமாவுக்கு முன்பே வந்தவர். ஏன் இன்னும் ஆகவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் சிரிக்காமல் சொன்னார்.

"என்னாண்ட அந்தப் பொண்ணு, உங்களுக்குத் துணை யாருன்னு கேட்டுச்சிப்பா. கர்த்தர்தான் துணைன்னேன். கர்த்தரோட கைபேசி நம்பரைச் சொல்லுங்கன்னுச்சி."

"அப்புறம்?"

"நம்பர் இல்லம்மான்னேன். துணையாளரின் சம்மதம் வந்ததும் தேதி தரப்படும்னு சொல்லி வெச்சிடுச்சி. ஊர்லேர்ந்து பொண்டாட்டிய வரவச்சிட்டேன். ஆனா பேரை மாத்தணும்னா ஏற்கெனவே இருக்கிற துணையாளரு ஒத்துக்கணுமாம். தெனம் ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கேன்."

டாக்டர் ஆனந்தராஜ் தியேட்டர் வாசலில் ஒரு ஸ்டூலில் பச்சை உடையோடு உட்கார்ந்திருப்பார். கையில் போன். அதில் 'தயார் நிலையில் இருக்கவும்' என்று இருக்கும். காலையில் அப்படி இருக்கும், மாலையிலும் அப்படி இருக்கும். அவர் தயார் நிலையிலேயே இருந்தார். நான் மாமாவை அவரிடம் கூட்டிப்போனேன். அவர் எழுந்து, மாமாவை அங்கேயே பெஞ்சில் படுக்கவைத்து, வீக்கத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். உள்ளே போனது.

"உள்ள போவுது. போற வரைக்கும் பயமில்ல. என்னைக்குப் போவலையோ அன்னைக்கு உடனே சொல்லணும்."

"நீங்களே பண்ணிடக் கூடாதா டாக்டர்? நீங்க இங்கதான இருக்கீங்க. இவரும் இங்கதான் இருக்காரு."

அவர் கதவைப் பார்த்தார். புதுக்கதவு. கைப்பிடி இல்லை. அறுவை தொடங்கும் நேரம் துல்லியமாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக அதைச் செயலியோடு இணைத்திருந்தார்கள். செயலி சம்மதித்தால் மேலே பச்சை விளக்கு எரிந்து கதவு விலகும்.

"பண்ணலாம்" என்றார் டாக்டர். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது தேதியிலும் அந்தப் பெண்குரல் விசாரித்தது, மாமாவும் விசாரித்தார். செயலியில் திருத்தம் வேண்டுமானால் நோயாளி நேரில் விழுப்புரம் வந்து சொல்ல வேண்டும் என்று செய்தி வந்தது. எனவே அன்றே வெறும் வயிற்றோடு, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, மாமா என்னோடு பஸ் ஏறினார்.

விழுப்புரத்தில் சட்டுனுவின் கட்டுப்பாட்டு அறை நன்றாகக் குளிர்ந்தது. சுவர் முழுக்க ஒரு திரை. திரையில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளியாம். சிவப்புப் புள்ளியே இல்லையே என்று கேட்டேன். முதலில் இருந்ததாம், பார்ப்பவர்களுக்கு மன உளைச்சல் தருகிறது என்று எடுத்துவிட்டார்களாம்.

சொன்னது கலைப்பிரியா. தாமத ஒழிப்பு ஒருங்கிணைப்பாளர். சின்னப் பெண். அவள் வாயைத் திறந்ததுமே மாமா என் கையைப் பிடித்தார்.

"மச்சான், இந்தப் பொண்ணுதான்டா அது. போன்ல வெசாரிக்குமே."

அவள் வெட்கப்பட்டாள். செயலிக்கு அவள் குரலைத்தான் பதிவு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து ஆள் கூப்பிட நேரமில்லையாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கணினியில் தேடி மாமாவின் புள்ளியைக் கண்டுபிடித்தாள்.

"ஒண்ணும் பிரச்சனையில்லீங்க சார். திருத்திடலாம். ஆனா நோயாளி வாயாலதான் வரணும். அது நோயாளியோட உரிமை."

"சரி, இவரு எவ்ளோ நாளா காத்திருக்காருன்னு அதுல போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது சார். காலையிலேர்ந்து."

"நாங்க வந்து எத்தினியோ வாரம் ஆச்சும்மா."

"ஆமாங்க சார். ஆனா மாத்தியமைச்சா கடியாரம் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். பழைய காத்திருப்பு அழிஞ்சிடும். அதனாலதான் எங்க சராசரி இவ்ளோ நல்லா இருக்குது." அவள் பெருமையாகவே சொன்னாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை.

அப்போது இயக்குநர் டாக்டர் சுப்பராயலு உள்ளே வந்தார். அவர் மருத்துவம் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது, மேலாண்மை பார்த்தார். எல்லோரும் எழுந்தோம். மாமாவுக்கு எழுந்ததும் வீக்கம் இறங்கியது; கையால் தாங்கிக்கொண்டார்.

"இவர்தான் அந்தக் கூழ் சாப்பிட்டவரா?" என்றார் இயக்குநர்.

"சாப்பிடலீங்க சார்" என்றேன். "சாப்ட்டேன்னு சொன்னவரு."

"தம்பி, யோசித்துப் பாருங்கள். இவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது இவர் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை நாம் பார்க்க முடியாது. இவர் சொன்னது நம்மிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பதை வைத்துக்கொண்டுதானே நாம் வேலை செய்ய முடியும்?" பிறகு மாமாவின் தோளில் கை வைத்தார். "ஐயா, உங்களுக்காகத்தான் இவ்வளவும். நீங்களெல்லாம் காத்திருக்கவில்லை என்றால் நாங்கள் எதைக் குறைப்போம்?"

மாமா கும்பிட்டார். இயக்குநர் போனார்.

கலைப்பிரியா ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, மாமா பக்கம் நகர்த்தினாள். நான் அவரிடம் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. வேறு எதுவும் வேண்டாம்.

"ஐயா, சாப்ட்டீங்களா?"

மாமா அவளைப் பார்த்தார். அவள் முகம் வாடியிருந்தது. மேசையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது.

"ஆச்சும்மா" என்றார் மாமா. "நீ சாப்ட்டியா?"

"ஆச்சுங்க ஐயா" என்றாள் கலைப்பிரியா.

பதிவாகிவிட்டது.

திரும்பி வரும் பஸ் விக்கிரவாண்டி தாண்டியிருந்தது. எனக்குக் கோபம் இருந்தது. அவருக்குப் பசி இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே யாரோ ஒருவருடைய மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை மாமா. அது அவ்ளோ கஷ்டமா?"

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று கிளம்பிய பிறகுதான் பேசினார்.

"எங்கப்பாரு ஒரு வருஷம் ஏரில தண்ணி இல்லாதப்ப, ரெண்டு நாளு வயிறு காஞ்சி கெடந்தாரு. அப்ப பங்காளி ஊட்டுக்குப் போறோம். வாசல்லயே, சாப்ட்டியாடான்னு கேட்டாங்க. ஆச்சுண்ணா, இப்பதான் வயிறு நெறையன்னாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். எனக்கும் சேத்து சொன்னாரு." இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "இல்லன்னு சொன்னா அது கேக்கறதுக்குச் சமம்டா மச்சான். கேட்டுட்டா அவங்க குடுத்தாவணும். அந்தப் பொண்ணு டப்பாவுல இருந்ததே கொஞ்சம்தான்."



மறுநாள் முதல் பயிற்சி ஆரம்பித்தது. நான் கேட்பேன், அவர் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தோணிசாமியும் கேட்பார். ஆண்கள் கேட்டால் மாமாவுக்குச் சுலபமாக வந்தது. அந்தோணிசாமியின் மனைவி கேட்டால் தடுமாறியது. "என்ன உங்க கூடப்பொறந்தவளா நெனச்சிக்காதீங்கண்ணா, கடன்காரின்னு நெனச்சிக்குங்க" என்று அந்த அம்மா யோசனை சொன்னார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, காது மடல் சிவக்க, இல்ல என்று சொல்ல அவர் பழகிவிட்டார். வார்டே அவருக்குக் கை தட்டியது.

இதற்குள் அக்கா தினமும் போன் செய்தாள். "கொடி மஞ்சளாயிடுச்சிடா. மேகம் கட்டிக்கினு வருது. ஆளு கூப்ட்டா எல்லாரும் அவங்கவங்க கொல்லையில இருக்காங்க. மாமாவ ஜல்தி அனுப்பி வையி."

"சட்டுனு வந்துடுவாருக்கா" என்று சொன்னேன். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

மூன்றாவது தேதி. போன் அடித்தது. "சாப்பிட்டீர்களா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல."

நானும் சிஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போனில் சிறிது இடைவெளி. பிறகு அந்தக் குரல் முன்பைவிடக் கனிவாக வந்தது.

"வருந்துகிறோம் முருகையன். உங்கள் உணவு வந்துகொண்டிருக்கிறது."

எங்கள் விழுப்புரப் பயணத்தின் விளைவு அது. நோயாளிகள் 'சாப்பிடவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று கலைப்பிரியா மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாள். பசித்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது நம் பண்பாடு இல்லை என்று இயக்குநர் முடிவெடுத்து, செயலியைக் கேன்டீனோடு இணைக்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் கேன்டீன் காந்திமதி ஒரு தட்டு வெண்பொங்கலோடு வந்து நின்றதுதான்.

"வாணாங்க, இவருக்கு ஆபரேசன்" என்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும்ணா? எனக்கு வந்துடுச்சி. குடுத்ததா போட்டோ எடுத்துப் போடலன்னா சம்பளத்துல கை வெக்கிறாங்க. பெரியவரே, கொஞ்சம் தட்டைப் புடிங்க. சாப்பிட வாணாம், சும்மா புடிங்க."

மாமா பிடித்தார். நெய் மணந்தது. அவள் போட்டோ எடுத்தாள். மாமா தட்டைக் கீழே வைப்பதற்குள் என் போன் அதிர்ந்தது. 'உணவு வழங்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை மாற்றியமைக்கப்பட்டது. தாமதம்: இல்லை.'

மாமா பொங்கலை நீண்ட நேரம் பார்த்தார். இனிச் சாப்பிடலாம் என்று சிஸ்டர் சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். நான்தான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அன்று பிற்பகல் அனந்தபுரத்துப் பக்கம் மழை.

அடுத்த வாரம் மருத்துவமனை வாசலில் பந்தல் போட்டார்கள். மாநிலத்திலேயே அறுவைச் சிகிச்சைத் தாமதம் மிகக் குறைவாக உள்ள மருத்துவமனை என்று தாங்களே ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தார்களாம். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. தியேட்டருக்கு முன்னால் இருந்த கூடத்தில் நாற்காலிகள். நோயாளிகளின் பிரதிநிதியாக மாமாவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். வார்டில் இருப்பவர்களிலேயே அனுபவம் வாய்ந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தோணிசாமியைத்தான் முதலில் கேட்டார்கள். துணையாளர் வராமல் மேடைக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

இயக்குநர் பேசினார்.

"அறுவைச் சிகிச்சைக்கு மிகப் பெரிய தடை எது? நாங்கள் ஆராய்ந்தோம். ஒருவருக்கு அறுவை நடக்கும்போது அடுத்தவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதாவது தாமதத்துக்கு முதல் காரணமே அறுவைச் சிகிச்சைதான். இதை இதுவரை யாரும் கவனித்ததில்லை." குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டார். "சட்டுனு வந்த பிறகு இந்தக் கதவின் முன்னால் ஒரு நோயாளிகூடக் காத்திருந்ததில்லை. முன்பெல்லாம் டாக்டருக்காக நோயாளி காத்திருப்பார். இன்று எங்கள் டாக்டர் எப்போதும் தயாராக இருக்கிறார். அதோ பாருங்கள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்தராஜ் ஸ்டூலில் இருந்தார்.

"தியேட்டரின் மின்கட்டணம் பாதியாகியிருக்கிறது. தையல் நூல் செலவு ஏறக்குறைய இல்லை. தொற்று அறவே இல்லை."

கைதட்டலுக்கு நடுவே மாமா முன்னால் குனிந்தார். வணங்குகிறார் என்று நினைத்து இயக்குநரும் பதிலுக்கு வணங்கினார். மாமா நிமிரவில்லை. நான் ஓடினேன். அவர் முகம் வேர்த்திருந்தது. கை அடிவயிற்றில் இருந்தது.

"உள்ள போவ மாட்டேங்குதுடா" என்றார்.

பிறகு வாந்தி எடுத்தார். மஞ்சள் தண்ணீர் மட்டும்தான் வந்தது. அன்றைக்கும் அவருக்குத் தேதி இருந்தது. அது காலையிலேயே மாற்றியமைக்கப்பட்டிருந்தது. அவர் எதையும் சாப்பிடவில்லை என்பதற்கு அவ்வளவு பேர் முன்னிலையில் கிடைத்த முதல் சான்று அதுதான். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆனந்தராஜ் வந்து தரையில் மண்டியிட்டு, விரல்களால் அழுத்திப் பார்த்தார். ஒரே வார்த்தை சொன்னார். "இப்பவே."

இருதயமேரி தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கதவு வரை போனோம். கதவு திறக்கவில்லை. இயக்குநரோடு வந்திருந்த கலைப்பிரியா தன் போனில் மாமாவின் பெயரைப் போட்டாள். 'இந்த நோயாளி மாற்றியமைக்கப்பட்டுள்ளார்' என்று வந்தது. அவசரம் என்ற இடத்தை அழுத்தினாள். 'அவசரம் தாமதத்தினால் ஏற்பட்டதா?' என்று கேட்டது. அவள் இயக்குநரைப் பார்த்தாள்.

"ஆமா-ன்னு போடக் கூடாது" என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில். "குழு பார்க்கிறது."

"இல்ல-ன்னு போட்டா அவசரமில்லன்னு எடுத்துக்கும் சார்."

இயக்குநர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் அமைதியான மனிதராகத் தெரிந்தார். மாமா என் சட்டையைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

"சார், புது நோயாளின்னு போட்டுடறேன்" என்றாள் கலைப்பிரியா. முருகையன், அனந்தபுரம், இப்போதுதான் வந்தார். பதிவாயிற்று. உடனே அவளுடைய குரல் அவள் கையிலிருந்த போனிலிருந்து பேசியது.

"வணக்கம் முருகையன். நான் சட்டுனு பேசுகிறேன். சாப்பிட்டீர்களா?"

போனை அவர் வாயருகே பிடித்தாள். ஆமாம் என்றால் மாற்றியமைத்துவிடும். இல்லை என்றால் பொங்கல் வந்துவிடும். இதைக் குழுவைத் தவிர அங்கிருந்த எல்லோரும் அறிந்திருந்தோம். நான் அவர் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தேன். அவர் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. வலி வந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனது.

"சாப்பிட்டீர்களா?"

யாரும் பேசவில்லை. அந்தக் கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வாழ்க்கையில் நான் நிறைய மௌனங்களில் இருந்திருக்கிறேன். அவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மௌனத்தைத் தாங்கிப் பிடித்ததை நான் பார்த்ததில்லை. காந்திமதிகூட கேன்டீன் வாசலில் தட்டோடு அசையாமல் நின்றாள்.

"பதில் இல்லை. வெறும் வயிறு என்று பதிவு செய்யப்பட்டது" என்றது போன்.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு விலகியது. ஆனந்தராஜ் ஏற்கெனவே தயாராக இருந்தார்.

கதவு மூடியதும் இயக்குநர் ஒலிவாங்கிக்குத் திரும்பினார். "நீங்களே உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஒரு நோயாளி வருகிறார். பதிவு செய்கிறோம். கதவு திறக்கிறது. உங்கள் கையிலிருக்கும் தேநீர் இன்னும் ஆறவில்லை." குழுத் தலைவர் தேநீரைத் தொட்டுப் பார்த்தார். ஆறவில்லைதான். எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அவர்கள் போய், பந்தல் பிரித்த பிறகு ஆனந்தராஜ் வெளியே வந்தார். குடலில் ஒரு பகுதி செத்துப்போயிருந்ததாம். வெட்டி எடுத்திருந்தார். எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நான் எதிர்பார்த்ததைவிட அகலமாக விரித்தார். பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல் நின்றார்.

மருத்துவமனைக்கு விருது கிடைத்தது. டாக்டர் சுப்பராயலு இப்போது மற்ற மருத்துவமனைகளுக்கும் ஆலோசகர். சட்டுனுவைப் பிரசவ வார்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். கலைப்பிரியா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் கணினி பார்க்கிறாள். அவள் குரல் மட்டும் மருத்துவமனையில் இருக்கிறது. ஆனந்தராஜ் கதவுக்குக் கைப்பிடி உள்ள வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டார். இருதயமேரி அதே வார்டில் இருக்கிறார். அந்தோணிசாமி புதுச்சேரிக்குப் போய், ஒரு வராண்டாவில் நாள் கணக்காகக் காத்திருந்து, கல்லை எடுத்துக்கொண்டார்.

முருகையன் உயிரோடு இருக்கிறார். மூட்டை தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷ மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. கொல்லையைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். என் அக்கா அதில் கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள்.